சாமியை மீட்டது இண்டர்போலா, ஊர் போலீஸ் நிலையத்துக் காகிதமா?

லண்டன், நியூயார்க், கான்பெர்ரா... தஞ்சைச் சீமைச் சிலைகள் சுற்றிய சுற்று!

தஞ்சாவூர் பக்கம் ஒரு கோயிலில் சிலை களவு போனால், மறுநாள் காலை டீக்கடையில் கேட்கும் முதல் பேச்சு இதுதான்: "அது இந்நேரம் கப்பல் ஏறி அமெரிக்கா போயிருக்கும். இனிமே எங்கேருந்து வரப்போவுது?"

வந்திருக்கிறது. லண்டனிலிருந்து வந்திருக்கிறது. கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பிரதமரே கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன சிலையும் உண்டு.

ஆனால் போனதெல்லாம் வரவில்லை. சில சிலைகள் திரும்பிவர, சில சிலைகள் வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுவது ஏன்? கடந்த 50 வருட வழக்குகளைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. அது லண்டனிலும் இல்லை, இண்டர்போல் தலைமையகம் இருக்கும் பிரான்சு நாட்டு லியோன் நகரிலும் இல்லை. நம்ம ஊர் போலீஸ் நிலைய அலமாரியில் இருக்கிறது.

மண்வெட்டியில் தட்டிய நடராஜர்

1976-ம் ஆண்டு. அப்போது தஞ்சை மாவட்டம் பிரிக்கப்படவில்லை. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் பத்தூர் கிராமத்தில் விசுவநாத சாமி கோயில் இடிந்து கிடந்தது. சோழர் காலத்துக் கோயில். பூஜை நின்று காலம் பல ஆகிவிட்டது. ஒரு சிவலிங்கம் மட்டும் மிச்சம்.

அங்கே ஒரு கூலித்தொழிலாளி மண் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி எதன் மீதோ பட்டு "ணங்" என்றது. தோண்டிப் பார்த்தால் நடராஜர்! கூடவே வேறு சில பஞ்சலோகச் சிலைகளும் இருந்தன. படையெடுப்புக் காலத்தில் சாமிகளைக் குழி தோண்டிப் புதைத்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். புதைத்தவர்கள் போய்விட்டார்கள். சாமிகள் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டன.

புதையல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? 1878-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பத்தூரில் யாரும் சொல்லவில்லை. நடராஜர் கைமாறினார். கைமாறிக் கைமாறி 1982-ல் லண்டனில் வந்து நின்றார்.

வாங்கியது கனடா நாட்டு "பம்ப்பர் டெவலப்மெண்ட்" என்ற கம்பெனி. விலை 2 லட்சத்து 50 ஆயிரம் பவுன்! சிலை இன்னாரிடமிருந்து இன்னாருக்கு முறையாக வந்தது என்று விற்றவர் காகிதம் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் பொய் என்பது பிறகு தெரிந்தது. வாங்கிய கம்பெனி சிலையைப் பக்குவம் செய்வதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைத்தது.

அங்கேதான் 1982 ஆகஸ்டு மாதம் லண்டன் மாநகரப் போலீசார் உள்ளே நுழைந்தார்கள். நடராஜரைப் பறிமுதல் செய்தார்கள்.

கமிஷனர் மேலேயே வழக்கு

கனடா கம்பெனி சும்மா இருக்குமா? "நாங்கள் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கினோம். எங்கள் சிலையைத் திருப்பிக் கொடு" என்று லண்டன் போலீஸ் கமிஷனர் மீதே வழக்குத் தொடர்ந்தது.

எதிர்த்தரப்பில் சிலைக்கு உரிமை கோரி வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலுக்காக நியமிக்கப்பட்ட தக்கார், விசுவநாத சாமி கோயில், அப்புறம் அந்த இடிந்த கோயிலில் மிச்சமிருந்த சிவலிங்கம்!

இதை லண்டனில் பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். நமக்கு வேடிக்கை இல்லை. சாமி பெயரில் நிலம் இருக்கிறது. சாமி பெயரில் பட்டா இருக்கிறது. குத்தகை பாக்கிக்கு சாமி வழக்குப் போடுவதும் காவிரிக்கரையில் சர்வசாதாரணம். அதே சட்டத்தைத்தான் நம் தரப்பு லண்டனுக்கு எடுத்துக்கொண்டு போனது.

இது வெறும் பக்தி வாதமல்ல, நுணுக்கமான சட்டப் பாயிண்டு. சிலை மண்ணுக்குள் இருந்தபோது அது யாருடைய சொத்து? கோயில் இடிந்து, பூஜை நின்று, தர்மகர்த்தா இல்லாமல் போனால் சொத்தும் போய்விடுமா? போகாது, கோயில் சாகாது, சிவலிங்கம் அங்கே இருக்கிறவரை கோயில் இருக்கிறது என்று வாதாடினார்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. லண்டனில் இருக்கும் நடராஜர் பத்தூர் நடராஜர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? சோழநாட்டு நடராஜர் ஒன்றா இரண்டா? பத்தூரில் இவரை யாரும் போட்டோ எடுத்ததில்லை. கோயில் சொத்துப் பதிவேட்டிலும் இல்லை. மண்ணுக்குள் கிடந்தவரை எப்படிப் பதிவு செய்வது?

இங்கேதான் நம் போலீசாரின் உழைப்பைச் சொல்ல வேண்டும். பத்தூரில் அதே குழியில் கிடைத்த மற்றச் சிலைகளை அவர்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். கண்டெடுத்தவரிலிருந்து அடுத்தடுத்து கைமாறிய ஆட்களின் வாக்குமூலங்களும் இருந்தன. லண்டன் நடராஜரின் மேல் ஒட்டியிருந்த மண்ணையும், கறையான் அரித்த தடத்தையும் பத்தூர்ச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள் தடயவியல் நிபுணர்கள். சிற்ப அமைப்பை ஒப்பிட்டார்கள் கலை நிபுணர்கள். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் போல ஜாடை ஒத்துப்போனது.

1988 பிப்ரவரியில் லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சாமி ஜெயித்தார். கம்பெனி அப்பீல் போனது. 1991 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டும் அதே தீர்ப்பைச் சொன்னது. தமிழ்நாட்டுச் சட்டம் ஒரு கோயிலை வழக்காடும் உரிமையுள்ள நபராக ஏற்றுக்கொள்ளும்போது, இங்கிலாந்து கோர்ட்டும் அதை மதித்து ஏற்கலாம் என்றார்கள் நீதிபதிகள். அதே ஆண்டு நடராஜர் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். களவு போன கலைப்பொருட்களைப் பற்றி யுனெஸ்கோ 1970-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா அதில் 1977-ல் சேர்ந்தது. பிரிட்டன் சேர்ந்ததோ 2002-ல்தான்! அதாவது, லண்டன் போலீசார் பத்தூர் நடராஜரைக் கைப்பற்றிய நாளில் பிரிட்டனை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தவே இல்லை. நம்மை ஜெயிக்க வைத்தது சாதாரணத் திருட்டுச் சட்டம். திருடியவனிடம் வாங்கியவனுக்குச் சொத்து சொந்தமாகாது, அவ்வளவுதான். அதை நிரூபிக்க உதவியவை பத்தூரில் எழுதிய மகஜரும், வாக்குமூலமும், கைப்பற்றிப் பூட்டி வைத்த சிலைகளும்.

கும்பகோணத்தில் மாறிய சாமி

பத்தூருக்கு முன்பே ஒரு பெரிய வழக்கு உண்டு. கும்பகோணம் பக்கத்தில் சிவபுரம். 1951-ல் அங்கே நிலத்திலிருந்து சிலைகள் கிடைத்தன. அவை கோயிலுக்கு வழங்கப்பட்டன. பழுது பார்ப்பதற்காக 1954-ல் ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி! அச்சு அசலாக வார்த்த புதுச்சிலை. அசல் நடராஜர் பம்பாய் வழியாக நியூயார்க் போய்விட்டார்.

கோயிலில் இருப்பது போலி என்று முதலில் சொன்னது நம்மவர் அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்ற நிபுணர். 1965-ல் வந்த புத்தகத்தில் அவர் அதை எழுதிய பிறகுதான் இங்கே தூக்கம் கலைந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஊர்மக்கள் போலிக்குத்தான் பால் அபிஷேகம் செய்துகொண்டிருந்தார்கள்.

அசலை அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்டன் சைமன் 1973-ல் வாங்கினார். விலை 9 லட்சம் டாலர். கடத்தல் சரக்கு என்று தெரியுமா என்று நிருபர் கேட்டபோது, தெரியும் என்கிற தோரணையில் அவர் பேசியது அமெரிக்கப் பத்திரிகையிலேயே வெளியானது. பிறகு மறுத்தார். அது வேறு கதை. சிலையைப் பழுதுபார்க்க லண்டனுக்கு அனுப்பியிருந்த நேரம். இந்திய அரசு லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்குப் போட்டது. 1976-ல் சமரசம் ஏற்பட்டது. 10 வருடம் அவர் மியூசியத்தில் இருக்கட்டும், அப்புறம் இந்தியாவுக்குத் திரும்பட்டும் என்று ஒப்பந்தம். அதன்படி 1986-ல் சிலை திரும்பியது.

களவு போனது நம்ம சாமி. அதைப் பத்து வருடம் அவர்களே காட்சிக்கு வைத்துக்கொள்ள சம்மதித்தது நாம்! அந்த நாளில் வேறு வழி இல்லை என்று வாதிடுவோர் உண்டு. பத்தூர் வழக்கில் கடைசிவரை போராடியதைப் பார்த்தால், வழி இருந்தது என்றே தோன்றுகிறது.

பிராங்க்பர்ட் விமான நிலையத்தில்...

இனி நம் காலத்துக்கு வரலாம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான், சுத்தமல்லி என்று இரண்டு கிராமங்கள். இரண்டிலும் பழைய கோயில்கள். ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் பூட்டியே கிடந்தது. 2006-ல் அங்கே திருடர்கள் கைவைத்தார்கள். வெளியே யாருக்கும் தெரியவில்லை. பூட்டிய கோயிலுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று 2008-ல் அதிகாரிகள் கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. திடுக்கிட்டு நின்றார்கள்.

அதற்குள் அந்த நடராஜர் கான்பெர்ரா நகரில் இருந்தார்! ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து 2008-ல் வாங்கிவிட்டது. விற்றது நியூயார்க்கில் பெரிய கடை வைத்திருந்த சுபாஷ் கபூர்.

சிலை நாட்டைவிட்டு எப்படிப் போனது? பெட்டியில் "கைவினைப் பொருள்" என்று எழுதித்தான். சுவாமிமலையிலும் கும்பகோணத்திலும் நியாயமாகத் தொழில் செய்யும் ஸ்தபதிகள் தினமும் புதுச்சிலை வார்க்கிறார்கள். அவை முறையாக ஏற்றுமதி ஆகின்றன. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக ஆயிரம் வருடச் சிலையும் போய்விடுகிறது. கஸ்டம்ஸ் அதிகாரிக்குப் பழசு எது, புதுசு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுமா?

அரியலூர் பக்கத்துப் போலீஸ் நிலையங்களில் வழக்குப் பதிவானது. சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு கையில் எடுத்தது. 1983-ல் தொடங்கப்பட்ட பிரிவு இது. உள்ளூர்த் திருடர்கள் பிடிபட்டார்கள், சென்னைத் தரகர் பிடிபட்டார், அவர் வழியாகக் கபூர் பெயர் வந்தது. ஆனால் ஆள் அமெரிக்கப் பிரஜை. கும்பகோணத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் நியூயார்க் போய், "கடையைத் திறய்யா" என்று சொல்ல முடியுமா?

இங்கே ஒரு சின்ன விளக்கம். இண்டர்போல் என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கோட்டு போட்ட போலீஸ் படை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் படை எதுவும் கிடையாது. இண்டர்போல் என்பது நாட்டுக்கு நாடு தகவல் அனுப்பும் அமைப்பு. தபாலாபீஸ் மாதிரி. நம்ம மாநிலப் போலீஸ் டெல்லியில் உள்ள சி.பி.ஐ.க்கு எழுத வேண்டும். இந்தியாவில் இண்டர்போலின் கிளை மாதிரி இருப்பது சி.பி.ஐ.தான். அங்கிருந்து லியோன் போகும். அங்கே "ரெட் நோட்டீஸ்" வெளியாகும். ஆளைப் பார்த்தால் பிடித்து வைக்கச் சொல்லி எல்லா நாட்டுக்கும் தகவல் போகும். பிடிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் இஷ்டம், அந்தந்த நாட்டின் சட்டம்.

2011 அக்டோபர் 30. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கபூர் வந்து இறங்கினார். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஜெர்மன் போலீசார் மடக்கினார்கள். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2001-ல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் கைகொடுத்தது. 2012 ஜூலையில் கபூர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அதே 2012-ல் அமெரிக்க அதிகாரிகள் அவருடைய நியூயார்க் கடையையும் குடோன்களையும் சோதனை போட்டார்கள். அள்ள அள்ளச் சிலைகள் வந்தன. கிட்டங்கியில் நெல் மூட்டை அடுக்குவது போல அடுக்கி வைத்திருந்தாராம் மனுஷன்.

ஆள் இங்கே வந்துவிட்டால் எல்லா வழக்கையும் தலையில் கட்டிவிடலாமா? முடியாது. எந்த வழக்கைக் காட்டி ஒருவரை இன்னொரு நாட்டிலிருந்து வாங்கி வருகிறோமோ, அந்த வழக்கில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம்முடைய 1962-ம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. புது வழக்கு சேர்க்க வேண்டுமானால் ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும். ஆகவே பிராங்க்பர்ட்டில் மடக்கிய ஆளைத் தமிழ்நாட்டுக்கு இழுத்து வந்தது எது என்று பார்த்தால், உடையார்பாளையம் போலீஸ் நிலையத்தில் 2008-ல் எழுதிய சுத்தமல்லி வழக்கின் எப்.ஐ.ஆர்.தான்!

2022 நவம்பர் 1-ந்தேதி கும்பகோணம் கோர்ட்டு அவருக்கு 10 வருட ஜெயில் தண்டனை விதித்தது. அதற்குள் அவர் ஜெயிலில் இருந்தே 10 வருடம் தாண்டிவிட்டது. கொண்டுவர ஒன்பது மாதம், தீர்ப்புச் சொல்லப் பத்து வருடம். வெளிநாட்டுப் போலீஸ் தாமதம் செய்கிறது என்று குறை சொல்லும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் நியூயார்க் அதிகாரிகளும் 2019-ல் அவர்மீது குற்றம் சாட்டி, தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டிருக்கிறார்கள்.

ஒரு போட்டோவின் பலம்

கான்பெர்ரா நடராஜர் கதைக்கு வருவோம். "எங்களுடையது ஸ்ரீபுரந்தான் சிலை இல்லை. வெகுகாலம் முன்பே வெளிநாடு வந்தது" என்ற காகிதத்தை நம்பித்தான் மியூசியம் வாங்கியிருந்தது. அந்தப் பொய்யை உடைத்தது ஒரே ஒரு போட்டோ.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் ஆட்கள் 1956-ல் இருந்து தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளைப் போட்டோ எடுத்து வைத்தார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரை 1994-ல் கோயிலுக்குள்ளேயே எடுத்திருந்தார்கள். 1994-ல் ஸ்ரீபுரந்தானில் நின்றவர் அதற்கும் வெகுகாலம் முன்பே எப்படிக் கப்பல் ஏறியிருப்பார்? அத்தோடு வாதம் முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது நடராஜரைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

அனந்தமங்கலம் ராஜகோபால சாமி கோயிலில் 1978-ல் களவு போன ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 2020-ல் லண்டனிலிருந்து வந்தன. அங்கேயும் ஆதாரம் 1958-ல் அதே நிறுவனம் எடுத்த போட்டோ. கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் சிலை ஆக்ஸ்போர்டு மியூசியத்தில் இருப்பது தெரியவந்ததும் 1957-ல் எடுத்த போட்டோவால்தான். சிவபுரம் போலவே இங்கும் கோயிலில் இருந்தது போலி. 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித்தரச் சம்மதித்தது.

இப்படிப் போட்டோ எடுத்து வைக்க பிரெஞ்சுக்காரர் வர வேண்டியிருந்தது. நம்ம கோயில் நிர்வாகங்களின் பழைய பதிவேடுகளில் பல இடங்களில் "நடராஜர் - 1, அம்மன் - 1" என்றுதான் இருக்கும். உயரம் இல்லை, எடை இல்லை, படம் இல்லை. அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக் கோர்ட்டில் போய் எந்த நடராஜரைக் கேட்பது?

மூடிய பைல்

தஞ்சை சரசுவதி மகாலில் நடந்ததைப் பாருங்கள். தமிழில் அச்சான முதல் பைபிள் புதிய ஏற்பாடு, சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டது. சரபோஜி மன்னரிடம் இருந்த பிரதி. 2005-ல் காணாமல் போனது. புகார் கொடுத்தார்கள். "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று போலீசார் பைலை மூடினார்கள். 2017-ல் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு மறுபடி வழக்கை எடுத்தது. 2022 ஜூலையில் அந்தப் பைபிள் லண்டனில் ஒரு கலைப்பொருள் சேகரிப்பின் இணையதளத்தில் படத்தோடு இருப்பதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். உலகமே பார்க்கும்படி படம் போட்டு வைத்திருக்கிறான்! மூடிய பைலுக்கு அது தெரியுமா?

"கண்டுபிடிக்க முடியவில்லை" என்று மூடியிருந்தாலும் பைல் இருந்தால் மறுபடி திறக்கலாம். பைலே இல்லாவிட்டால்? பழைய சிலைத் திருட்டு வழக்குகளின் கோப்புகள் போலீஸ் நிலையங்களிலிருந்தே காணாமல் போய்விட்டதாக சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போயிருக்கிறது. கோப்பு ஒன்று தொலைந்தால், அந்தச் சிலையை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே, "களவு போனதற்கு அத்தாட்சி காட்டு" என்பதுதான்.

வெளியே கதவுகள் திறந்துகொண்டே வருகின்றன. 2024 ஜூலை 26-ந்தேதி இந்தியாவும் அமெரிக்காவும் கலைப்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பழங்காலச் சிலை உரிய காகிதம் இல்லாமல் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால் அந்நாட்டு கஸ்டம்சே தடுத்து நிறுத்த வழி பிறந்திருக்கிறது. இது இனிமேல் போகிற சரக்குக்கு. ஏற்கெனவே போனதற்குப் பழைய எப்.ஐ.ஆரும் பழைய போட்டோவும்தான் கதி.

திரும்பி வந்த சாமி எங்கே?

கடல் தாண்டி வந்த சாமி ஊருக்கு வந்துவிட்டாரா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் கும்பகோணத்தில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். திருவாரூர் தியாகராஜர் கோயில் பாதுகாப்பு மையத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சிலைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. கம்பிக் கதவு, பூட்டு, போலீஸ் காவல்.

ஊர்க்காரர்கள் கேட்டால், "உங்க கோயில்ல கதவு சரியா இருக்கா? அலாரம் இருக்கா? ராத்திரி காவலுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்கிறார்கள் அதிகாரிகள். நியாயமான கேள்விதான். ஒருகால பூஜைக்கே எண்ணெய் வாங்க வழியில்லாத கோயிலில் காவல்காரருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று திருப்பிக் கேட்கிறார்கள் ஊர்க்காரர்கள். அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது.

திருவிழா வந்தால் மனு எழுதிக் கொடுத்து, சாமியைப் போலீஸ் காவலோடு வேனில் அழைத்து வருகிறார்கள். அபிஷேகம், தீபாராதனை, வீதியுலா எல்லாம் நடக்கும். முடிந்ததும் சாமி மறுபடி வேனில் ஏறுகிறார். மையத்துக்குப் போனதும் ரிஜிஸ்தரில் வரவு வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பூட்டுகிறார்கள்.